பவளம் தின்னாத மீன்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை சாயங்காலம் வந்த அந்த ஃபோனுக்குப் பிறகு கோவிந்தராஜுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

"சனிக்கிழமை காவ்யாவக் கொண்டு வந்து விடறப்ப கீழயே நின்னுட்டுப் போயிடாதீங்க. மேல வாங்க. கொஞ்சம் பேசணும்."

அவ்வளவுதான் சொன்னாள் கிருஷ்ணப்ரியா. சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிரிந்து போன இந்த இரண்டு வருடத்தில் அவள் குரல் அவனிடம் வந்ததெல்லாம் மணி சொல்லவும் இடம் சொல்லவும்தான். காவ்யா கேட்டில் நிற்பாள், காவ்யாவுக்கு ஜலதோஷம், காவ்யாவுக்குப் பரீட்சை. அதைத் தாண்டி ஒரு சொல் வந்ததில்லை. 'மேல வாங்க' என்பதை அவன் சிஞ்ச்வட் பட்டறையில் பல்சக்கரங்களை அளந்து பார்க்கும் வேலைக்கு நடுவிலும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் இனித்தது.

சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி இன்னொன்று போட்டான். அதையும் கழற்றிவிட்டு முதலில் போட்டதையே மாட்டிக்கொண்டான்.

கூடத்தில் கண்ணாடி மீன்தொட்டி நீல வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. மூன்றடி நீளம். முன்பு அந்த மூலையில் காவ்யாவின் படிக்கிற மேசை இருந்தது. மேசை கிருஷ்ணப்ரியாவோடு வானவடி வீட்டுக்குப் போன பிறகு அந்த இடத்தைப் பார்க்காமல் நடக்க அவன் பழகியிருந்தான். ஒரு சனிக்கிழமை அவள்தான் கேட்டாள், "அப்பா, இங்க ஒரு கடல் வெச்சுக்கலாமா?"

வைத்தான். உப்புக் கரைத்து, பாறை அடுக்கி, தண்ணீர் பக்குவப்படும் வரை பொறுத்திருந்து, வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து வந்த பவளத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பாறையில் ஒட்டினான். காளான் மாதிரி விரிகிறது ஒன்று. பச்சைப் புல் மாதிரி அசைகிறது இன்னொன்று. பொத்தான் பொத்தானாக ஆரஞ்சு நிறத்தில் மூன்றாவது. எல்லாம் வேர் பிடித்துவிட்டன. மீன்தான் இல்லை.

மீனை காவ்யாதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் அவள் அவனிடம் வருகிறாள். ஹோலிக்கு முன்பிருந்தே அந்தச் சனிக்கிழமைகளில் கடைக்குப் போகிறார்கள், பார்க்கிறார்கள், வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அவளுக்கு எதுவும் பிடிப்பதில்லை.

இன்றைக்குக் கட்டாயம் வாங்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவன் ஸ்டேஷனுக்கு நடந்தான். மீனோடு அந்த ஏப்ரல் வெயிலில் ஸ்கூட்டரில் அத்தனை தூரம் வர முடியாது. அதனால் லோக்கல் ரயில்.

வானவடியில் கேட்டருகே காவ்யா முதுகுப் பையோடு நின்றிருந்தாள். பத்து வயதுக்கு உயரம் அதிகம், அம்மா மாதிரி. இரண்டாவது மாடி பால்கனியில் கிருஷ்ணப்ரியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கினாள். அவன் பதிலுக்குக் கை தூக்குவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

ரிக்‌ஷாவில் ஏறியதும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா ஏதாச்சும் சொன்னாளா கண்ணு?"

"எதைப் பத்தி?"

"சும்மாதான் கேட்டேன்."

காவ்யா வெளியே பார்த்துக்கொண்டு, "நஹீ, ஒண்ணும் சொல்லல" என்றாள்.

வழக்கமாக அந்த வழி முழுக்க அவள் வாய் ஓயாது. அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. கோவிந்தராஜ் அதைக் கவனிக்கவும் இல்லை. அவன் மனசளவில் ஏற்கெனவே சாயங்காலத்தில் இருந்தான், இரண்டாவது மாடிப் படியில் ஏறிக்கொண்டிருந்தான்.

மும்தாஜின் வளர்ப்பு மீன் கடை கேம்ப் பகுதியில் ஒரு தையற்கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே நுழைந்தால் மோட்டார் இரைச்சலும் உப்பு வாசனையும். மும்தாஜுக்கு ஐம்பது இருக்கும். மூன்று தலைமுறையாக கேம்ப்பில் இருக்கும் குடும்பம். தமிழை இந்தியோடு சேர்த்துத்தான் பேசுவாள்.

"ஆவோ பேட்டா, வா! இன்னிக்காவது ஏதாச்சும் பசந்த் ஆவுமா, பிடிக்குமா, இல்ல பார்த்துட்டு டாடா காட்டிட்டுப் போயிடுவியா?"

"இன்னிக்கு வாங்கிடுவோம் அக்கா" என்றான் கோவிந்தராஜ்.

"நீ சொல்லாத தம்பி. மேடம் சொல்லட்டும்."

காவ்யா கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்தபடி நடந்தாள். வெள்ளை வரி போட்ட ஆரஞ்சு மீன் ஜோடி ஒன்று, வாலடியில் செம்பு நிறம் ஏறி முதுகில் ஒற்றை முள்ளை நிமிர்த்தி வைத்திருந்த ஒல்லி மீன் ஒன்று, முன்பாதி கத்தரிப்பூ நிறமும் பின்பாதி மஞ்சளுமாகப் பாறை இடுக்கில் தலையை மட்டும் நீட்டிய ஒன்று. எல்லாம் பவளத்தோடு சண்டையில்லாமல் இருக்கிறவை. கோவிந்தராஜ் ஒவ்வொன்றையும் காட்டினான்.

"இது?"

"ம்ஹூம்."

"அந்த ஒல்லி?"

"அது குதிச்சு வெளிய விழுந்துடும்."

"மூடி போட்டுக்கலாம் கண்ணு."

"வேண்டாம்."

போன முறை பச்சையும் நீலமுமாகக் கோலம் போட்ட மாதிரி இருந்த மாண்டரின் மீனைக் காட்டினபோது, "நம்ம டேங்க் புதுசு அப்பா. அது சாப்பிடற குட்டிப் பூச்சியெல்லாம் இன்னும் வந்திருக்காது, பட்டினி கிடந்து செத்துடும்" என்று அவள்தான் சொன்னாள். அதற்கு முன்பு சிங்க மீனைக் காட்டினபோதும் அவள்தான்: "அது பவளத்தைத் தொடாது. ஆனா அப்புறம் விடற சின்ன மீனெல்லாம் முழுங்கிடும்." வீடியோ பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

அதனால்தான், கடைசித் தொட்டி முன்னால் நின்று அவள் விரல் நீட்டினபோது அவனுக்குப் புரியவில்லை.

"இது வேணும்."

உள்ளே ஒரு பட்டாம்பூச்சி மீன் திரும்பிப் பார்த்தது. உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சள், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. அழகுதான். அந்தக் கடையிலேயே அதைவிட அழகு வேறில்லை.

"காவு, இது பவளத்தைக் கொத்தித் தின்னுமே. நீதானே சொன்ன?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்கு இதான் வேணும்."

மும்தாஜ் வலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "எனக்கென்ன தம்பி, வித்தா நல்லதுதான். ஆனா நாளைக்கு உன் பவளத்துல பாதி காணும்னு என் தலைமேல வந்து உட்காராத. வாங்கினவன் பொறுப்பு."

கோவிந்தராஜ் மகளைப் பார்த்தான். இரண்டு வருடமாக அவள் கேட்ட எதற்கும் அவன் முடியாது என்று சொன்னதில்லை. மாதத்தில் இரண்டு நாள் வருகிற குழந்தையிடம் எப்படிச் சொல்வது? அழுதால் அடுத்த முறை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தான். பவளம் போனால் போகிறது.

பிறகு, இத்தனை மாதம் ஆரஞ்சுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக முளைத்ததை அவள் எண்ணியெண்ணிக் கை தட்டினது நினைவுக்கு வந்தது.

"வேண்டாம் கண்ணு. இது நம்ம தொட்டிக்கு ஆகாது. வேற எது வேணா எடு, இது மட்டும் வேண்டாம்."

காவ்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"அப்ப இன்னிக்கும் வேண்டாம்" என்றாள் சட்டென்று. "அடுத்த வாட்டி வந்து சூஸ் பண்ணலாம். சலோ, போலாம்."

அந்தக் குரலில் ஏமாற்றம் இல்லை. என்னவோ ஒரு நிம்மதி இருந்தது. கோவிந்தராஜுக்கு அப்போதுதான் முதல் முறையாக ஏதோ உறுத்தியது.

பக்கத்துத் தெருவில் மஸ்தானி விற்கிற கடையில் உட்கார்ந்தார்கள். உயரக் கண்ணாடி டம்ளரில் மாம்பழப் பாலும் மேலே ஐஸ்கிரீமும் வந்தன. காவ்யா ஸ்பூனால் ஐஸ்கிரீமை உள்ளே அமுக்கி அமுக்கி விளையாடினாள். குடிக்கவில்லை.

"காவு, உனக்கு மீன் வாங்க இஷ்டம் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் ஒவ்வொண்ணையும் வேண்டாங்கற? அந்த மஞ்சள் மீனை நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு உனக்குத் தெரியும்தானே?"

ஐஸ்கிரீம் கரைந்து வழிந்தது. அவன் காகிதத்தை எடுத்து மேசையைத் துடைத்தான். அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மீன் வாங்கிட்டா முடிஞ்சிடும்ல?"

"எது முடிஞ்சிடும்?"

"இதான். நாம கடைக்கு வர்றது." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அம்மா சொன்னாங்க, ஜூன்ல கோயமுத்தூர் போறோம்னு. தாத்தா வீட்டுக்கு. அங்க புது ஸ்கூல். 'அதுக்குள்ள அப்பாவோட போய் மீன் எடுத்து முடிச்சிடு'ன்னாங்க. எடுக்கலன்னா... சூஸிங் பாக்கி இருக்குன்னு நான் வரலாம்ல?"

கோவிந்தராஜ் காகிதத்தை மடித்தான். இன்னும் சிறிதாக மடித்தான்.

மேல வாங்க. கொஞ்சம் பேசணும்.

இதற்குத்தானா? அவன் இரண்டு சட்டை மாற்றிப் பார்த்தது இதற்குத்தானா? காதெல்லாம் சூடாயிற்று. தன்னைப் பற்றி நினைக்கவே வெட்கமாக இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தான். இந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு எத்தனை சனிக்கிழமை தொட்டி தொட்டியாக நடந்திருக்கிறாள்! அவன் ஒன்றும் தெரியாமல், 'இது பிடிக்கலையா, அது பிடிக்கலையா' என்று பின்னாலேயே போயிருக்கிறான்.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஒரு மீன் வாங்கினா முடியாது கண்ணு. எல்லாத்தையும் ஒண்ணா விடக்கூடாதுன்னு உனக்கே தெரியும்தானே? முதல்ல ஒண்ணு. அது பழகி, சாப்பிட ஆரம்பிச்சு, தண்ணி சரியா இருக்குன்னு பார்த்து, அப்புறம்தான் அடுத்தது."

"எத்தனை விடலாம்?"

"நம்ம தொட்டிக்கு அஞ்சாறு."

"அப்ப ரொம்ப நாள் ஆகும்."

"ஆகட்டுமே."

"நான் காலேஜ் போற வரைக்கும்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "நீ மெதுவா எடு. என்ன அவசரம்?"

"கோயமுத்தூர்ல இருந்து எப்படி வர்றது?"

பதில் இருக்கிற மாதிரி நடிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"தெரியல காவு. அம்மாகிட்டப் பேசறேன்" என்றான். "முதல் மீனை மட்டும் இன்னிக்கு எடுத்துக்கலாமா? நீ இல்லாதப்ப வீட்டுல எனக்குத் துணைக்கு ஒண்ணு வேணும்."

காவ்யா யோசித்தாள். பிறகு டம்ளரைத் தூக்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள்.

கடைக்குத் திரும்பினபோது அவளுக்கு யோசிக்கவே நேரம் பிடிக்கவில்லை. நேராகப் பாறை இடுக்கில் தலை நீட்டிய கத்தரிப்பூ-மஞ்சள் மீனிடம் போய் நின்றாள். முதல் நாளிலிருந்தே அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது என்று கோவிந்தராஜுக்கு அப்போது தெரிந்தது.

"ஷாபாஷ்!" என்றாள் மும்தாஜ். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா என் தலைமுடி இவ்ளோ நரைச்சிருக்காது." மீனைப் பிடித்துப் பையில் விட்டு, காற்றடைத்து, ரப்பர் வளையம் போட்டு, செய்தித்தாளில் சுற்றினாள். "கூச்சக்காரப் பையன். இன்னிக்கே முகம் காட்டுவான்னு எதிர்பார்க்காத பேட்டா. இடம் பழகட்டும்."

லோக்கலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காவ்யா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். வெயில் படும்போதெல்லாம் தன் துப்பட்டாவால் மறைத்தாள். எதிரில் இருந்த மராத்திக்கார அம்மாள் என்னவென்று கேட்க, செய்தித்தாளை விலக்கிக் காட்டினாள். "கித்தி சுந்தர்!" என்று அதன் அழகை வியந்தாள் அந்த அம்மாள்.

"பவளத்தைத் தின்னாது" என்று காவ்யா மராத்தியில் பெருமையாகச் சொன்னாள்.

கட்கி தாண்டியதும் அவள் தலை கோவிந்தராஜின் தோளில் சாய்ந்தது. கை மட்டும் பையை விடவில்லை. இந்தக் கனம் ஜூனுக்குப் பிறகு இந்தத் தோளுக்குக் கிடைக்காது என்று நினைத்து, அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிம்ப்ரி வந்தது, சிஞ்ச்வட் வந்தது. எழுப்பத்தான் மனம் வரவில்லை.

வீட்டில் பையைத் தொட்டிக்குள் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, மீன் பழகும் வரை காத்திருந்தார்கள். காவ்யா கண்ணாடியில் மூக்கை அழுத்தி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவளே அதை வெளியே விட்டாள். கத்தரிப்பூ நிறம் ஒரு கோடாகப் பாய்ந்தது. பாறைக்குப் பின்னால் போய் மறைந்தது. அவ்வளவுதான்.

"வரும்" என்றான் கோவிந்தராஜ்.

வரவில்லை. சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். விளக்கைக் குறைத்துப் பார்த்தார்கள். காவ்யா அதற்குப் பெயர்கூட வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஆரஞ்சுப் பொத்தான்கள் விரிந்து சுருங்கின. மீனைக் காணவில்லை.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. செருப்பு மாட்டிக்கொண்டவள் திரும்ப ஓடிப்போய் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"நான் போனப்புறம் வந்தா?"

"ஃபோட்டோ அனுப்பறேன்."

"ஃபோட்டோ வேற, நேர்ல பார்க்கறது வேற" என்றாள் காவ்யா.

வானவடியில் இரண்டு மாடிதான். கோவிந்தராஜுக்கு மூச்சு வாங்கியது. கதவு திறந்தே இருந்தது. காவ்யா ஓடிப்போய்த் தன் அறைக்குள் புகுந்தாள்.

கிருஷ்ணப்ரியா கூடத்தில் நின்றிருந்தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தாள். இதெல்லாம் பால்கனியில் தெரியவில்லை.

"வாங்க. மீன் எடுத்தாச்சுங்களா?"

"ஒண்ணு."

"நல்லது. உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. "காவ்யா சொல்லிட்டா. ஜூன்ல கோயமுத்தூர்."

அவள் முகம் மாறியது. "அவ சொல்லிட்டாளா? நான் சொல்றதுக்கு முன்னாடி..." சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அங்க எங்க கம்பெனி புது ஆபீஸ் திறக்கறாங்க. என்னை வரச் சொல்லிக் கேக்கறாங்க. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனதுல இருந்து அம்மா தனியாத் திண்டாடறாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லோணும். நான் இன்னும் சரின்னு சொல்லலீங்க."

"சொல்லலையா? முடிவாயிடுச்சுன்னு அவ நினைச்சிட்டிருக்கா."

"போலாமான்னு இருக்கேன்னுதான் அவகிட்டச் சொன்னேன். குழந்தைக்குப் 'போலாம்' மட்டும்தான் காதுல விழுந்திருக்கு."

அறைக்குள் காவ்யா அலமாரியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"உங்ககிட்டக் கேக்கோணும்னுதான் வரச் சொன்னேன்" என்றாள் கிருஷ்ணப்ரியா. குரல் தணிந்திருந்தது. "ஆனா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். 'உன் இஷ்டம்'. எப்பவும் அதுதானே? எந்த வீடு பார்க்கறதுன்னாலும் உன் இஷ்டம். வேலைய விடட்டுமான்னாலும் உன் இஷ்டம். நான் பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பினப்பவும் அதையேதான் சொன்னீங்க. அன்னிக்கு லிஃப்ட் வந்துச்சு, போச்சு, மறுபடி வந்துச்சு. நான் ஏறாம நின்னுட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியுங்களா?"

கோவிந்தராஜுக்குத் தெரியாது. அன்றைக்கு அவன் கதவை மெல்லச் சாத்திவிட்டு, உள்பக்கம் அதில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். அவள் மேல் பாரம் ஏற்றக் கூடாது, அவளைத் தடுக்கக் கூடாது, அதுதான் அன்பு என்று நினைத்துக்கொண்டு நின்றிருந்தான். அந்தப் பக்கம் அவள் நின்றிருக்கிறாள்.

பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. உன் இஷ்டம் ப்ரியா. அவன் அதை விழுங்கினான்.

"எனக்கு இஷ்டமில்ல" என்றான்.

"என்ன?"

"நீ கோயமுத்தூர் போறதுல எனக்கு இஷ்டமில்ல, ப்ரியா." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டான். "அன்னிக்குப் போனதுலயும் இஷ்டமில்ல. சொல்லியிருக்கணும். சொல்லல. உங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னா நீ போகத்தான் வேணும், அது புரியுது. அதுக்காக எனக்கு இஷ்டம்னு பொய் சொல்ல மாட்டேன்."

அறைக்குள் அலமாரிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

கிருஷ்ணப்ரியா கண்ணாடியைக் கழற்றினாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

"உக்காருங்க" என்றாள் கடைசியில், அவனைப் பார்க்காமல். "காபி போட்டுட்டு வர்றேன்."

அவள் உள்ளே போனாள். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். சமையலறையில் ஃபிரிட்ஜ் திறந்து மூடியது. பால் பாத்திரத்தை மேடையில் வைத்தது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அடுப்பு பற்றவைக்கிற சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். அது வரவேயில்லை. அன்றைக்கு லிஃப்ட் முன்னால் நின்ற மாதிரி இப்போது அவள் அடுப்பு முன்னால் நிற்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.